புதிய பொருள் ஆண்டுக்கு எத்தனை விற்கும்? விற்பனை வாய்ப்பைக் கணக்கிடும் வழிமுறை

புதிய பொருள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர முனைபவரிடம் கடன் கொடுப்பவர், பங்குதாரர், மொத்த வியாபாரி ஆகிய மூவரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஆண்டுக்கு எத்தனை விற்கும்? இதற்கு விடை தேடிப் புறப்பட்டபோது எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சூத்திரங்கள். சூத்திரத்தில் போட வேண்டிய எண்ணை எங்கே எடுப்பது, எந்த வேலையை முதலில் செய்வது, எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பதையெல்லாம் வரிசைப்படி சொல்வார் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டவற்றை, இந்த வேலையில் முதன்முறையாக இறங்குபவருக்காக இங்கே எழுதுகிறேன்.

விளக்கத்துக்காகச் சமையலறைக் குழாயோடு பொருத்தும் தண்ணீர் வடிகட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குகளில் வரும் வீடுகளும் கடைகளும் சதவீதங்களும் கற்பனையானவை. கணக்கு நகரும் விதத்தைக் காட்டுவதற்காகவே அவை வருகின்றன. உங்கள் பொருளுக்கான எண்களை நீங்களே திரட்ட வேண்டும்.

1. கேள்வியை ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள்

பொருள், வாங்குபவர், பரப்பு, காலம், விலை ஆகிய ஐந்தையும் எழுதி முடிக்காமல் ஆய்வைத் தொடங்காதீர்கள். "வடிகட்டிக்கு எவ்வளவு சந்தை இருக்கிறது?" என்று கேட்டால் யாரும் எதையும் பதிலாகச் சொல்லிவிடலாம். "இந்தப் பகுதியில், இந்த விலையில், கடைகள் வழியாக, அடுத்த 12 மாதங்களில் வீட்டு உபயோகத்துக்கான வடிகட்டிகள் எத்தனையை நாம் விற்க முடியும்?" என்று கேட்டால்தான் பதிலைச் சரிபார்க்க முடியும்.

மூன்று எண்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விற்பனையாளர்களும் சேர்ந்து அந்தப் பகுதியில் ஓராண்டில் விற்கக்கூடிய மொத்தம் சந்தை வாய்ப்பு. அதில் உங்கள் ஒரு பொருள் எட்டக்கூடிய பங்கு விற்பனை வாய்ப்பு. உங்களிடம் உண்மையில் உள்ள ஆள், பணம், சரக்கு ஆகியவற்றைக் கொண்டு நீங்கள் விற்கப்போவதாக எதிர்பார்ப்பது விற்பனை முன்கணிப்பு. முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, மூன்றாவது எண்ணுக்கு உரிய சரக்கைவிடப் பல மடங்கு சரக்கை வாங்கிக் குவிப்பதுதான் புதியவர்களுக்கு நேரும் மிகப் பெரிய இழப்பு.

அதே பக்கத்தின் அடியில், ஆண்டுக்கு எத்தனை விற்றால் கையைக் கடிக்காது என்ற எண்ணையும் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 350 என்று வைப்போம். இந்த எண் இல்லாமல் ஆய்வை எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மதிப்பீடு 900-க்கும் 1,500-க்கும் இடையில் வந்தால், 350 என்ற வரம்பு வெகு கீழே இருப்பதால், மேலும் துல்லியத்துக்காகச் செலவழிப்பது வீண். 200-க்கும் 500-க்கும் இடையில் வந்தால் அப்போதுதான் ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

2. காலத்துக்கும் செலவுக்கும் முன்கூட்டியே வரம்பு கட்டுங்கள்

மலிவான வேலை முதலில், விலை கூடிய வேலை கடைசியில் என்பதே வரிசை. ஏற்கெனவே வெளியான புள்ளிவிவரங்களைத் திரட்ட ஒன்று முதல் இரண்டு வாரங்கள் போதும். கடைக்காரர்களையும் குழாய்ப் பொருத்துநர்களையும் சந்திக்க இன்னும் இரண்டு வாரங்கள் ஆகும். வாங்குபவரிடம் நடத்தும் கருத்துக்கணிப்புக்கு, வினாப்பட்டியலைச் சோதித்துத் திருத்தும் நாட்களையும் சேர்த்து, மூன்று முதல் ஐந்து வாரங்கள் ஒதுக்குங்கள். சோதனை விற்பனைக்குக் குறைந்தது எட்டு வாரங்கள் வேண்டும். ஆக, எல்லாவற்றையும் செய்தால் மூன்று மாதங்களுக்கு மேல் ஓடிவிடும். பலருக்கு முதல் இரண்டு கட்டங்களிலேயே பதில் கிடைத்துவிடும்.

செலவில் பெரும்பகுதி கருத்துக்கணிப்பில் போகும். அதை நடத்தித்தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் முழுமையாக நிறைவடைந்த ஒவ்வொரு பதிலுக்கும் இவ்வளவு என்று கட்டணம் கேட்பார்கள். வினாப்பட்டியல் நீளமானால் கட்டணம் ஏறும். நீங்கள் தேடும் ஆள் அரிதானவரானால் இன்னும் ஏறும். தகுதியுள்ளவர் நூறு வீடுகளுக்கு 28 வீடுகளில்தான் இருப்பார் என்றால், 385 பதில்களைப் பெற ஏறத்தாழ 1,375 வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். விலைப்புள்ளி கேட்கும்போது இந்தத் தகுதி விகிதத்தை எழுத்தில் தெரிவியுங்கள். பாதி வழியில் விகிதம் குறைவாக இருப்பது தெரியவந்தால் கூடுதல் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

3. ஏற்கெனவே வெளியான தரவுகளைத் திரட்டுங்கள்

முதல் ஆவணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் உங்களுக்கு வேண்டியது வீடுகளின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒன்று விற்கும் பொருளுக்குக் கணக்குப் போட்டால் விடை பல மடங்கு வீங்கிவிடும். பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு நடக்கிறது என்பதால், எந்த ஆண்டின் எண் என்பதைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட வளர்ச்சியைத் தனி வரியாகச் சேருங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டு வணிகப் புள்ளிவிவரம். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் எச்.எஸ். குறியீட்டு முறையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு இலக்க எண் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் காம்ட்ரேட் தரவுத்தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் நாடுவாரியாக இறக்குமதி, ஏற்றுமதி விவரம் வரும். நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால், அந்த நாட்டில் ஆண்டுக்கு எவ்வளவு நுகரப்படுகிறது என்ற தோராயமான எண் கிடைக்கும். கிடங்குகளில் இருப்பு பெரிதும் ஏறியோ இறங்கியோ இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

இந்த இடத்தில் நிதானம் தேவை, ஏனெனில் பொறிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தண்ணீரை வடிகட்டும் அல்லது சுத்திகரிக்கும் கருவிகளுக்கான குறியீடு 8421.21. அதற்குள் சமையலறை வடிகட்டியும் இருக்கும், தொழிற்சாலைக்கான பெரிய சுத்திகரிப்பு எந்திரமும் இருக்கும். மொத்த மதிப்பை ஒரு வடிகட்டியின் விலையால் வகுத்தால் கிடைப்பது பொருளற்ற எண். எடைக்கும் மதிப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தும், ஆறு இலக்கத்துக்கு மேல் அந்தந்த நாடு சேர்க்கும் உட்பிரிவுகளைப் பார்த்தும்தான் வீட்டுப் பொருளை ஓரளவு பிரித்தெடுக்க முடியும். மேலும், இறக்குமதி மதிப்பு பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. ஏற்றுமதி மதிப்பில் அவை இரா. இரண்டுமே கடை விலையை விட மிகக் குறைவு என்பதால், மதிப்பைக் கொண்டு கணக்கிடாமல் முடிந்தவரை எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுங்கள். குறியீடுகள் 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டிருப்பதால், நீண்ட கால வளர்ச்சியை ஒப்பிடும்போது ஒரே பதிப்பின் குறியீடுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட போட்டி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் பிரிவுவாரி விற்பனை இருக்கும். அவர்கள் சொல்வது மொத்த வியாபாரிக்கு விற்ற தொகை. வாங்குபவர் கொடுத்த தொகை அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இணையத்தில் ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்பதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தின் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்த காலத்தில் உச்சமாக இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடும் அளவு. எந்த மாதத்தில் தேவை ஏறுகிறது என்பதை அறிய அது நல்ல கருவி. எத்தனை விற்கும் என்பதற்கு அதில் விடை இல்லை.

விலை கொடுத்து வாங்கும் சந்தை அறிக்கைகளைப் பற்றி என் கருத்து கறாரானது: பொருளடக்கம், மாதிரிப் பக்கங்கள், தரவு திரட்டிய முறை ஆகிய மூன்றையும் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். சந்தையின் மொத்த அளவும் வளர்ச்சி விகிதமும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் இலவசச் செய்திக்குறிப்பிலேயே இருக்கும். பல்கலைக்கழக நூலகங்களும் பெரிய பொது நூலகங்களும் சில அறிக்கைகளுக்குச் சந்தா கட்டியிருப்பதுண்டு. முதலில் அங்கே விசாரியுங்கள்.

திரட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதிவேட்டில் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: எண், எதைக் குறிக்கிறது, எந்த ஆண்டுக்குரியது, எங்கிருந்து எடுத்தது, எந்த நாளில் எடுத்தது. கடன் கொடுப்பவர் கேள்வி கேட்கும் நாளில் உங்களைக் காப்பது இந்தப் பதிவேடுதான்.

4. மேலிருந்து கீழாக ஒரு சங்கிலிக் கணக்குப் போடுங்கள்

மொத்த வீடுகளில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு விகிதத்தால் பெருக்கிக்கொண்டே இறங்குவது சங்கிலிக் கணக்கு. நம் பகுதியில் 2,00,000 வீடுகள். சமையலறையில் குழாய் உள்ளவை 70 சதவீதம், அதாவது 1,40,000.

இந்த இடத்தில் சங்கிலி இரண்டாகப் பிரிய வேண்டும். வடிகட்டி ஏற்கெனவே உள்ள வீடுகள் 30 சதவீதம் என்றால் 42,000; கருவியின் ஆயுள் ஆறு ஆண்டு என்றால், பழையதை மாற்றுவதற்காக மட்டும் ஆண்டுக்கு 7,000 விற்கும். வடிகட்டி இல்லாத 98,000 வீடுகளில் தேவையும் வசதியும் உள்ளவை 40 சதவீதம் என்றால் 39,200. அவர்களில் இந்த ஆண்டே வாங்குபவர் 10 சதவீதம் என்றால் 3,920. இரண்டையும் கூட்டினால் ஆண்டுச் சந்தை வாய்ப்பு 10,920. மாற்று விற்பனையை மறந்துவிட்டு, வடிகட்டி இல்லாதவர்களை மட்டும் எண்ணுபவர்கள் ஏராளம். இந்தக் கணக்கில் அவர்கள் தவறவிடுவது மூன்றில் இரண்டு பங்கு.

இனி நம் பங்கு. நம் பொருளை வைத்திருக்கும் கடைகள் 30 சதவீதம், அந்தக் கடைகளில் வாங்குபவர்களில் நம்மைத் தேர்பவர் 15 சதவீதம் என்றால், 10,920 முதலில் 3,276 ஆகி, பிறகு 491 ஆகிறது. இரண்டு லட்சம் வீடுகளில் தொடங்கி ஐந்நூறுக்கும் கீழே வந்து நிற்கிறோம். "மொத்தச் சந்தையில் ஒரே ஒரு சதவீதம் கிடைத்தால் போதும்" என்று சொல்பவரிடம் அந்த ஒரு சதவீதம் எந்தக் கடையின் எந்த அலமாரியிலிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

விகிதங்களை யோசித்து எழுதுவது எளிது, அதுவே ஆபத்து. நான்கு விகிதங்களை ஒவ்வொன்றும் 20 சதவீதம் மிகையாக மதிப்பிட்டால் விடை 2.07 மடங்காகும், நான்கையும் 20 சதவீதம் குறைத்து மதிப்பிட்டால் 0.41 மடங்காகச் சுருங்கும். ஒவ்வொரு படியிலும் செய்த சிறு தாராளம் கடைசியில் ஐந்து மடங்கு வேறுபாடாக வந்து நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு விகிதத்துக்கும் எதிரே, அது கணக்கெடுப்பிலிருந்து வந்ததா, நேரில் கேட்டதா, வெறும் ஊகமா என்று குறியுங்கள். நம் சங்கிலியில் 30, 15 ஆகிய இரண்டும் இன்னும் ஊகம்தான். அடுத்த படிகள் அந்த இரண்டைத் தேடியே போகின்றன.

5. கடையிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கணக்குப் போடுங்கள்

ஒரே எண்ணை இரண்டு வழிகளில் எட்டிப் பார்க்காதவரை அதை நம்பாதீர்கள். இரண்டாவது வழி, கடைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் மாதம் எத்தனை விற்கிறது என்று விசாரித்துக் கூட்டுவது. கடைகளைப் பெரியவை, சிறியவை என்று முதலில் பிரித்துவிடுங்கள். பெரிய கடைகளுக்கு மட்டும் போய் வந்து அதன் சராசரியை எல்லாக் கடைகளுக்கும் பெருக்கினால் கணக்கு கெட்டுவிடும். நம் பகுதியில் வடிகட்டி விற்கும் கடைகள் 60. அவற்றில் பெரிய கடைகள் 10, மாதம் 40 வீதம் 400. சிறிய கடைகள் 50, மாதம் 6 வீதம் 300. மாதத்துக்கு 700, ஆண்டுக்கு 8,400.

மேலிருந்து வந்த 10,920-க்கும் இதற்கும் 2,520 வித்தியாசம். இந்த வித்தியாசத்தைச் சராசரி எடுத்து மறைக்காதீர்கள். இணையத்தில் வாங்கியவையும், குழாய்ப் பொருத்துநர் தாமே கொண்டுவந்து மாட்டியவையும் கடைக் கணக்கில் வராது. பொருத்துநர் சிலரிடம் பேசி, அந்த வழியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போகிறது என்பது உறுதியானால் இரண்டு கணக்குகளும் பொருந்திவிடும். பொருந்தாவிட்டால் சங்கிலியில் ஏதோ ஒரு விகிதம் தவறு.

கடைக்காரரிடம் பேசுவது ஒரு கலை. "எத்தனை விற்கும்?" என்று கேட்டால் உங்களை மகிழ்விக்கும் பதிலோ விரட்டும் பதிலோ கிடைக்கும். "கடைசியாகச் சரக்கு எப்போது வந்தது, எத்தனை வந்தது, இப்போது எத்தனை மிச்சம்?" என்று கேளுங்கள். வந்ததில் மிச்சத்தைக் கழித்தால் விற்றது தெரியும். கடைக்கு வந்து இறங்கியது வேறு, கடையிலிருந்து வாங்குபவர் வீட்டுக்குப் போனது வேறு. புதிய பொருளின் முதல் மாத விற்பனை என்று பலர் காட்டுவது அலமாரிகளை நிரப்பிய சரக்கைத்தான். கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், வணிக நோக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், ஒருவர் சொன்ன விவரத்தை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். கமிஷன் எவ்வளவு, கடன் தவணை எத்தனை நாள், விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 30 சதவீத ஊகத்துக்கு வருவோம். 60-இல் 18 கடைகள் நம் பொருளை ஏற்றால் 30 சதவீதம். ஆனால் அந்த 18-ம் சிறிய கடைகளானால் அவற்றில் மாதம் விற்பது 108 மட்டுமே. அது 700-இல் 15 சதவீதம். ஆண்டுக்கு 1,296 விற்பனையில் 15 சதவீதம் நமக்கு என்றால் 194. சற்று முன் 491 என்று எழுதிய இடத்தில் இப்போது 194 நிற்கிறது. கடைகளின் எண்ணிக்கையை விட, அந்தக் கடைகளின் வியாபாரம் எவ்வளவு என்பதே கணக்கில் வர வேண்டும்.

இதே தாளில் அந்த 18 சிறிய கடைகளோடு பெரிய கடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பெரிய கடைகள் சேர்ந்தால் ஆண்டுக்கு 338. மூன்று சேர்ந்தால் 410. கையைக் கடிக்காத எண் 350 என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். ஆக, "எத்தனை விற்கும்?" என்று தொடங்கிய கேள்வி, "மூன்று பெரிய கடைகள் நம் சரக்கை ஏற்குமா?" என்று மாறிவிட்டது. ஆய்வின் பயன் இதுதான் என்பது என் எண்ணம். ஒரே எண்ணைச் சொல்வதை விட, முடிவு எந்த ஊகத்தில் தொங்குகிறது என்பதைக் காட்டும் மதிப்பீடே உதவும்.

6. வாங்குபவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்

நம் கணக்கில் கருத்துக்கணிப்பால் தெரிய வேண்டியவை இரண்டே: வடிகட்டி இல்லாத, ஆனால் தேவையும் வசதியும் உள்ளவர்களில் இந்த ஆண்டு வாங்குபவர் எத்தனை பேர், நம் விலையை அவர்கள் ஏற்பார்களா. மற்ற கேள்விகளை வெட்டிவிடுங்கள்.

"வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்பது மரியாதைக்காகச் சொல்லும் பதில். அதற்குப் பதிலாக, 1966-இல் தாமஸ் ஜஸ்டர் முன்வைத்த 0 முதல் 10 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துங்கள். அடுத்த 12 மாதங்களில் வாங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு, 10 என்பதை நூற்றுக்கு 99 என்றும், 5 என்பதை நூற்றுக்கு 50 என்றும், 0 என்பதை நூற்றுக்கு 1 என்றும் எடுத்துச் சராசரி காண வேண்டும். நூறு பேரில் 4 பேர் 10, 10 பேர் 5, 16 பேர் 2, மீதி 70 பேர் 0 என்று சொன்னால் சராசரி ஏறத்தாழ 13 சதவீதம். வாங்குவேன் என்று ஏதோ ஓர் அளவில் தலையாட்டிய முப்பது பேரையும் எண்ணியிருந்தால் 30 சதவீதம் என்று எழுதியிருப்போம். சங்கிலியில் ஊகித்த 10-க்குப் பதிலாக 13 போட்டால் சந்தை வாய்ப்பு 12,096 ஆகும். பெரிய மாற்றம் இல்லை. ஆகவே இந்த விகிதத்தைத் துல்லியமாக்க மேலும் செலவழிப்பதை விடப் பெரிய கடைகளைப் பார்க்கப் போவது மேல்.

எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்குப் புள்ளியியல் தரும் விடை தெளிவானது. 95 சதவீத நம்பிக்கையில், அதாவது இதே கணிப்பை நூறு முறை நடத்தினால் ஏறத்தாழ 95 முறை, பிழை 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க 385 பேர். 10 சதவீதப் புள்ளி போதுமென்றால் 97 பேர். 3 சதவீதப் புள்ளி வேண்டுமென்றால் 1,068 பேர். பகுதி பெரிதாக இருந்தால் இந்த எண் ஏறத்தாழ மாறாது. ஆனால் 385 பேரை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்தால் வட்டாரத்துக்கு 77 பேர்தான் இருப்பார்கள். தனித்தனி வட்டார முடிவுகளைப் பெரிதாக நம்ப முடியாது. மேலும், இந்த எண்களெல்லாம் எல்லா வீடுகளுக்கும் சமவாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிய படிவத்தில் ஆயிரம் பதில் வந்தாலும் அதற்குப் பிழை வரம்பு சொல்ல இயலாது. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைப் பெற்றும் குடியரசுத் தலைவர் தேர்தலைத் தவறாகக் கணித்தது.

விலைக்கு, "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள், பேரம் தொடங்கிவிடும். பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976-இல் வகுத்த நான்கு கேள்விகள் இதற்கு உதவும்: எந்த விலையில் தரத்தையே சந்தேகிப்பீர்கள், எந்த விலையில் மலிவு என்பீர்கள், எந்த விலையில் கூடுதல் என்று தோன்றினாலும் யோசிப்பீர்கள், எந்த விலைக்கு மேல் வாங்கவே மாட்டீர்கள். இது ஏற்கத்தக்க விலை எல்லையைக் காட்டும். அந்த விலையில் எத்தனை விற்கும் என்பதற்கு மறுபடியும் ஜஸ்டர் அளவுகோலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

வினாப்பட்டியலை முதலில் பத்துப் பேரிடம் சோதியுங்கள். எந்தக் கேள்வியில் தயங்குகிறார்கள் என்று அருகில் இருந்து பாருங்கள், திருத்துங்கள், பிறகு பெரிய அளவில் இறங்குங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் தேவையில்லை என்றால் வாங்காதீர்கள்; வாங்கினால் ஒப்புதல் பெறுங்கள், பதில்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

7. சிறிய அளவில் விற்றுப் பாருங்கள்

மிச்சம் உள்ள ஊகம் அந்த 15 சதவீதம். இதைக் கேட்டு அறிய முடியாது, விற்றால்தான் தெரியும். இரண்டு பெரிய கடை, இரண்டு சிறிய கடை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எல்லா வடிகட்டிகளும் சேர்ந்து மாதம் 92 விற்கும். இரண்டு மாதத்தில் 184. அதில் நம்முடையது 22 போனால் பங்கு 12 சதவீதம்.

இந்தப் பன்னிரண்டையும் கெட்டியான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 184 விற்பனையில் கண்ட 12 சதவீதம் உண்மையில் 7-க்கும் 17-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். என்றாலும் 12 என்று வைத்தே கணக்கிட்டால், மூன்று பெரிய கடைகளோடு 328 தான் வருகிறது. 350-ஐத் தாண்ட நான்காவது பெரிய கடை வேண்டும், அப்போது 386.

சோதனையில் மூன்று விஷயங்களைக் காத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த விலையில் விற்கப்போகிறீர்களோ அதே விலை இருக்கட்டும். தள்ளுபடியில் விற்றதைத் தேவை என்று எண்ண முடியாது. நீங்களே கடையில் நின்று விற்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தின் எண்ணைத் தனியே குறியுங்கள், புதுமைக்காக வாங்குபவர்கள் அப்போதுதான் வருவார்கள். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் பொருளானால், உச்ச மாதத்தில் நடத்திய சோதனையைப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது. முன்பணம் வாங்கி முன்பதிவு செய்வதாக இருந்தால், பொருள் வராவிட்டால் பணம் எந்த நாளுக்குள் திரும்பும் என்பதை ரசீதிலேயே அச்சிடுங்கள்.

8. வாங்கியவரே மீண்டும் வாங்குவதைத் தனி வரியில் எழுதுங்கள்

வடிகட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ் (உள்ளே வைத்து மாற்றும் வடிகட்டும் பாகம்) மாற்ற வேண்டும், வாங்கியவர்களில் 60 சதவீதம் பேர் நம்முடையதையே வாங்குவார்கள் என்றால், 410 கருவிகளுக்கு ஆண்டுக்கு 492 கார்ட்ரிட்ஜ் என்று தோன்றும். முதல் ஆண்டில் அப்படி வராது. கருவிகள் ஆண்டு முழுவதும் பரவலாக விற்பதால், ஒரு கருவி சராசரியாக அரையாண்டுதான் வீட்டில் இருந்திருக்கும். எனவே முதல் ஆண்டுக்குப் பாதி, அதாவது 246 என்றே எழுதுங்கள்.

9. மூன்று எண்களாக முடித்து, கோப்பைக் கட்டுங்கள்

குறைந்தது, நடுவில், கூடியது என்று மூன்று எண்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தால் அது வரும் என்பதை எதிரே எழுதுங்கள். சிறிய கடைகள் மட்டும், பங்கு 12 சதவீதம் என்றால் 156. மூன்று பெரிய கடைகளுடன் 12 சதவீதம் என்றால் 328. நான்கு பெரிய கடைகளுடன் 15 சதவீதம் என்றால் 482. எல்லா விகிதங்களையும் ஒரே நேரத்தில் பத்துச் சதவீதம் கூட்டியும் குறைத்தும் எழுதும் பழக்கம் பரவலாக உண்டு. அதைப் படிப்பவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாது.

கடன் கொடுப்பவரிடமோ பங்குதாரரிடமோ போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதல் பக்கக் கேள்வித்தாள், தரவுப் பதிவேடு, ஊகங்களைத் தனியே குறித்த கணக்குத் தாள், கடைவாரிச் சந்திப்புக் குறிப்புகள், வினாப்பட்டியலின் இறுதி வடிவம், பதில்களின் மூலத் தாள், சோதனை விற்பனையின் வாரவாரிப் பதிவு. கணக்குத் தாளில் விடையை மட்டும் தட்டச்சு செய்யாமல், சூத்திரமாகவே வையுங்கள். எதிரில் இருப்பவர் ஒரு விகிதத்தை மாற்றச் சொன்னால் அங்கேயே மாற்றிக் காட்டலாம்.

விற்பனை தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை கடைகளின் இருப்பை எண்ணி, இரண்டு விகிதங்களை மட்டும் புதுப்பியுங்கள்: நம் பொருள் உள்ள கடைகளின் வியாபாரப் பங்கு, அந்தக் கடைகளில் நம் பங்கு. வீடுகளின் எண்ணிக்கையையும் கருவியின் ஆயுளையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் மாத முடிவிலும் நான்காவது பெரிய கடை வரவில்லை என்றால், அடுத்த சரக்குக்கான ஆணையை 328-க்கு ஏற்பக் குறைத்துப் போடுங்கள்.